தூண்டிலும் தண்டும்: வெலிங்டன் ஏரிக்கரையில் ஒரு வரலாற்று நோக்கு

திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் பூண்ட நம் விருத்தாசலத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர், பழமலைநாதர் கோயிலில் தொடங்கி, சுந்தரர் மணிமுத்தாற்றில் பொன்னை இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்த கதையைச் சொல்லி, பீங்கான் தொழிற்பேட்டையின் சூளைகளில் வந்து முடிப்பது வழக்கம். கல்லுக்கும் மண்ணுக்கும் இவ்வாறு வரலாறு அமைந்துவிட்டது. நீருக்கு அமைந்த வரலாறோ பாசனக் கணக்காக மட்டும் நின்றுவிட்டது. எத்தனை அடி நீர், எத்தனை மதகு, எத்தனை ஏக்கர் என்பதோடு ஏரியின் கதை முடிந்துவிடுமா? அந்நீரில் தூண்டிலிட்டு அமர்ந்தவர், குதித்து நீந்தியவர், கரைமேல் உலவிக் கட்டுச்சோறு பிரித்தவர் ஆகியோர்க்கும் ஏரியின் வரலாற்றில் இடம் உண்டல்லவா? நம் வட்டாரத்து வெலிங்டன் நீர்த்தேக்கத்தை முன்வைத்து அவ்விடத்தைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரியின் பிறப்பு

சேலம் பகுதி மலைகளில் தோன்றும் வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறு ஆகின்றன. அவ்வாறு தொழுதூரை அடைந்ததும் அங்குள்ள அணைக்கட்டு அதன் வெள்ளத்தில் ஒரு பகுதியைத் தடுத்து வாய்க்காலில் திருப்புகிறது. அந்த நீரும் பெரிய ஓடையின் நீரும் திட்டக்குடியை அடுத்த கீழ்ச்செருவாயில் தேங்கி நிற்கும் இடமே வெலிங்டன் ஏரி. 1923ஆம் ஆண்டில் இது கட்டி முடிக்கப்பெற்றது. இதன் முழு ஆழம் 29.72 அடி, கொள்ளளவு 2,580 மில்லியன் கன அடி, பாசனப் பரப்பு 24,059 ஏக்கர். திட்டக்குடி, விருத்தாசலம் ஆகிய இரு வட்டங்களின் வயல்கள் இதனை நம்பியுள்ளன. ஏரியில் தங்காது ஓடும் வெள்ளாறு கூடலையாற்றூரில் நம் மணிமுத்தாற்றைத் தழுவிக்கொண்டு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது.

மேட்டூரை அறிந்தோர்க்கு இது சிறிய ஏரியே. ஆயினும் மானாவாரியாக வானம் பார்த்துக் கிடந்த ஒரு நிலப்பகுதியை நெல்விளையும் பூமியாக மாற்றியது இச்சிறிய ஏரிதான். இதன் கரை கல்லாலானது அன்று, மண்ணாலானது. அம்மண்ணின் இயல்பு அதன் வரலாற்றையே நிர்ணயித்துள்ளது. ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும் களிமண்ணின்மீது நிற்பதால் கரையின் ஒரு பகுதி பலமுறை உள்வாங்கியிருக்கிறது. அதனைச் செப்பனிடுவதும் அது மீண்டும் இறங்குவதும் ஒரு தொடர்கதையாயின. கரை தாங்காது என்று முழு அளவு நீர் தேக்காமல் விட்ட ஆண்டுகளும் உண்டு. நீரை உறிஞ்சிக் குழையும் களிமண்ணைக் கொண்டு பீங்கான் வனைந்து பிழைக்கும் ஊர் நம்முடையது. அதே குணம் சக்கரத்தின்மேல் வரமாகவும் ஏரிக்கரையின்கீழ் சாபமாகவும் இருப்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஏரியின் பெயரையும் சிறிது கருத வேண்டும். இது கட்டப்பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் வில்லிங்டன் பிரபு (1919–1924). பின்னாளில் இந்தியாவின் வைசிராயாகவும் இருந்தவர். அவர் பெயரே மக்கள் நாவில் வெலிங்டன் ஆயிற்று. குன்னூருக்கு அருகிலுள்ள படைநகரான வெலிங்டன், நெப்போலியனை வென்ற தளபதியின் பெயரைத் தாங்குவது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கூடை சுமந்து இக்கரையை எழுப்பியவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. ஆட்சி செய்தவர் பெயர் எஞ்சிற்று; அதுவும் திரிந்தே எஞ்சிற்று.

பெயரிழந்த புலவர் இருவர்

பெயர் மறைந்து செயல் நிலைத்த மாந்தரைக் காணச் சங்க இலக்கியத்துக்குச் செல்ல வேண்டும். நம் இலக்கிய வட்டத்து அன்பர்கள் நன்கறிந்த இரு புலவர்கள் இங்கு நினைவுக்கு வருகிறார்கள்.

ஒருவர் குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடியவர். அவர் இயற்பெயர் தெரியாமையால், அவர் பாட்டிலுள்ள ஓர் உவமையையே பெயராக்கி மீனெறி தூண்டிலார் என்றனர். யானை வளைத்துத் தின்னும் பச்சை மூங்கில், அது கைவிட்டதும் விசையோடு மேலெழுகிறது. அவ்வெழுச்சி, மீன் சிக்கியதும் தூண்டிற்கோலை மேலே சுண்டுவதுபோல் உள்ளது என்பது அவர் கண்ட காட்சி. பாடியது குறிஞ்சி, உவமை பிறந்ததோ நீர்க்கரையில். தூண்டிற்கோலைக் கையில் பிடித்தவரோ, பிடித்தவர் அருகில் நெடுநேரம் அமர்ந்திருந்தவரோதான் அக்கணத்து விசையை அறிந்திருக்க முடியும்.

மற்றொருவர் புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார். பூண் கட்டிய ஊன்றுகோலைப் பற்றி, இருமலுக்கிடையே சொற்களை விட்டுவிட்டுப் பேசும் முதியவர் தம் இளமையை நினைக்கிறார். மணலில் பாவை செய்து விளையாடிய மகளிரோடு கைகோத்து ஆடியதும், நீர்மேல் சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையிலுள்ளோர் வியக்கத் துடுமெனக் குதித்ததும், ஆழ்ந்த மடுவின் அடிமணலை அள்ளி வந்து காட்டியதும் அவர் நினைவில் வருகின்றன. அவருக்கும் பெயர் பாட்டிலிருந்தே கிடைத்தது.

மீன்பிடித்தலையும் நீர்விளையாட்டையும் பாடிய இவ்விருவரும் தம் பெயரை இழந்து, ஒருவர் தூண்டிலாகவும் மற்றவர் தண்டாகவும் நிலைத்துவிட்டனர். நீர்க்கரையில் நிகழும் இவ்விரு செயல்களையும் காத்துத் தந்தது கல்வெட்டும் அன்று, கணக்கோலையும் அன்று, கவிதையே.

தூண்டிலுக்கும் பாட்டுக்கும் இன்னும் நெருங்கிய உறவும் உண்டு. மருத நிலத்தில் மீன்பிடித்தவருள் பாணர் முதன்மையானவர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில், நெடிய மூங்கிற்கோலில் கயிறும் வளைந்த இரும்பும் பூட்டி, இறைச்சித் துண்டை இரையாகப் பொதிந்து பாண்மகன் தூண்டிலிடுவதைக் கூறுகிறார். இரையைக் கவ்வித் தப்பிய வாளைமீன், பின்னர் நீரருகில் நின்ற பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டும் தூண்டிலோ என்று அஞ்சுகிறதாம். மீனின் மனத்துள்ளும் புகுந்து பார்த்த புலமை அது. ஐங்குறுநூற்றிலோ பாண்மகள் வட்டி நிறைய வரால்மீன் கொணர்ந்து கொட்டி, அதற்கு மாற்றாக வெண்ணெல் பெற்றுச் செல்கிறாள். பிடிப்பவன் பாணன், விற்பவள் பாண்மகள், யாழும் அவர்களுடையதே. பாடுவோரும் மீன்பிடிப்போரும் வேறுவேறு குலத்தவர் என்னும் எண்ணம் பிற்காலத்தது.

ஏரிமீன் யாருடையது?

ஏரிமீனுக்கு உரிமை கொண்டாடுவது இன்று தோன்றிய வழக்கன்று. முதற்பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரியைப் பேணத் தனியே ஏரி வாரியம் இருந்ததைக் காட்டுகின்றன. அம்மன்னனின் வீரநாராயணன் என்னும் சிறப்புப்பெயர் தாங்கிய ஏரிதான் நம் மாவட்டத்து வீராணம். இடைக்காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம், மீன்பாட்டம் போன்ற சொற்கள் ஏரிமீன் குத்தகையால் வந்த வருவாயைக் குறிக்கின்றன. அவ்வருவாயை ஏரியின் பராமரிப்புக்கே ஒதுக்கிய ஊர்களும் இருந்தன. மீன் விற்ற காசு தூர்வாருவதற்குப் போயிற்று. தூர்வாரிய ஏரி மீண்டும் மீனை வளர்த்தது. நீரிலிருந்து எடுத்தது நீருக்கே திரும்பிய நேர்மையான கணக்கு அது.

எழுதப்பெற்ற இவ்வுரிமைக்கு அருகிலேயே எழுதப்பெறாத உரிமை ஒன்றும் இருந்தது. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களில் இன்றும் நிகழும் மீன்பிடித் திருவிழா அதற்குச் சான்று. கோடையில் கண்மாய் வற்றியதும் ஊர்ப்பெரியவர் கரையில் நின்று துண்டை வீசிக் குறிப்புக் காட்ட, ஊத்தாவும் கச்சாவும் வலையும் கூடையுமாக ஆயிரக்கணக்கானோர் ஒருசேர நீரில் இறங்குகின்றனர். அகப்பட்டது அவரவர்க்கு. அன்று விலை கூறுவார் இல்லை. மழை வேண்டியும் ஊர் ஒற்றுமை வேண்டியும் நடத்தப்பெறும் இவ்விழாவில் வழிபாடும் விளையாட்டும் உணவும் பிரிவற்று நிற்கின்றன. பிழைப்புக்காகப் பிடிப்பது, பொழுதுபோக்குக்காகப் பிடிப்பது என்னும் பாகுபாடு அங்கே பொருளற்றுப் போகிறது.

துரைமார் தூண்டில்

அப்பாகுபாடு ஆங்கிலேயர் ஆட்சியில்தான் வலுப்பெற்றது. சென்னை மாகாணத்தில் உயர்பதவி வகித்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873ஆம் ஆண்டில் மங்களூரில் தூண்டிற்கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இந்திய ஆறுகளில் மீன்பிடிப்பதை ஒரு கனவானின் விளையாட்டாக அந்நூல் விளக்கியது. நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீனையும் பாதுகாக்க 1879இல் ஒரு சட்டம் பிறந்தது. எச்.சி. வில்சன் என்பாரின் முயற்சியால் 1907ஆம் ஆண்டளவில் குளிர்நாட்டு டிரவுட் மீன்கள் அம்மலையின் ஓடைகளில் குடியேற்றப்பெற்றன. உண்பதற்கு மீன் இல்லாமையால் அன்று. தூண்டிலில் துள்ளுவதற்கு ஏற்ற மீன் வேண்டும் என்பதால் அது நிகழ்ந்தது. துரை தூண்டிலிட்டால் அது விளையாட்டு. அதே ஓடையில் ஊரார் கூடு வைத்தால் அது மீன்வளத்தை அழிக்கும் செயல்.

எனினும் அக்காலத்து ஆங்கிலேயர் செய்த நன்மைகளையும் மறைத்தல் தகாது. வெடிவைத்தும் நஞ்சு கலந்தும் மீன் கொல்வதைத் தடுத்த 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் நாட்டுக்கு வேண்டிய ஒன்று. சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட தம் பெருநூலில் இந்திய மீன்களைப் படத்தோடு விளக்கினார். அவற்றின் தமிழ்ப் பெயர்களைக் கேட்டறிந்து பதிவும் செய்தார். நம் புலவர்கள் பாடிய மீன்களுக்கு அறிவியல் நோக்கில் ஒரு பட்டியல் அவர் கையால் கிடைத்தது. 1907இல் சென்னை மாகாண மீன்வளத் துறை உருவாகக் காரணமாயிருந்த சர் பிரடெரிக் நிக்கல்சன், அதற்கு முன்பே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வழிகாட்டிய அறிக்கையை எழுதியவர். மீனவர்க்குக் கடனும் கல்வியும் கூட்டுறவும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

விதைத்த மீனும் தானே பிறந்த மீனும்

நாடு விடுதலை பெற்றபின் அணைகளும் நீர்த்தேக்கங்களும் பெருகின. அவற்றில் மீன் வளர்ப்பது உணவுக் கொள்கையின் ஒரு பகுதியாயிற்று. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய வடநாட்டுப் பெருங்கெண்டைகள் தென்னாட்டு நீர்நிலைகளில் விடப்பெற்றன. இவை தேங்கிய நீரில் முட்டையிடா. வெள்ளம் பாயும் ஆறு வேண்டும். ஆகவே ஆண்டுதோறும் ஆற்றிலிருந்து குஞ்சுகளைத் திரட்டிக் கொணர வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள், ஒரிசாவில் ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞர் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்திப் பெருங்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். மீன் வளர்ப்பின் போக்கை மாற்றிய நாள் அது. இன்றும் அந்நாளே மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. 1959இல் புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் அயல்நாட்டிலிருந்து வந்தன.

இதனால் விளைந்த நன்மை பெரிது. மலிவான புரதம் உள்நாட்டு ஊர்களுக்கும் எட்டியது. ஆனால் இங்கு ஒரு நுட்பமான மாற்றமும் நிகழ்ந்தது. குஞ்சு வாங்கி விட்டவருக்கு அந்த மீன் முதலீடாகிறது. முதலிட்டவர் பிறர் கைவைப்பதைப் பொறுப்பதில்லை. நீர்த்தேக்கங்களின் மீன் உரிமை சிலவிடத்துப் பங்குமுறையாகவும், சிலவிடத்து உரிமச்சீட்டாகவும், சிலவிடத்துக் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ தனியார்க்கோ விடும் குத்தகையாகவும் அமைந்தது. குத்தகைக்காரரின் காவலாள் கரைக்கு வந்ததும், அதுவரை ஒருவரும் கேளாத கேள்வி தூண்டில்காரனை நோக்கி எழுந்தது: யாரைக் கேட்டுப் பிடிக்கிறாய்?

வராலுக்கு இக்கேள்வி பொருந்தாது. வராலை விதைத்தவர் எவருமிலர். கோரையிடையே நீர்ப்பூண்டு ஒதுக்கிக் கூடமைத்து, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைத் தாயும் தந்தையும் காத்து வளர்க்கும் மீன் அது. கெளுத்தியும் அயிரையும் ஆரலும் உளுவையும் அத்தகையனவே. மழையோடு வந்து, சேற்றோடு கிடந்து, தாமே பெருகுவன. ஏரியில் விதைத்த மீன் குத்தகைக்காரருக்குரியதாயின், தானே பிறந்த மீன் யாருக்குரியது? தூண்டில்காரனின் பழைய உரிமை இவ்வினாவில்தான் தங்கியுள்ளது.

இதற்கு வரலாறு தந்த விடை வியப்பானது. 1952ஆம் ஆண்டில் திலாப்பியா என்னும் ஆப்பிரிக்க மீன் இந்தியாவுக்குள் வந்தது. இலங்கை வழியாக மண்டபத்துக்கும் அவ்வாண்டே வந்து சேர்ந்தது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் எந்நீரிலும் பெருகிவிடும். பெருங்கெண்டைகளின் இடத்தையும் நாட்டுமீன்களின் இரையையும் அது பறிக்கிறது என்று மீனியலார் குறைகூறுவர். அக்குறை உண்மையே. ஆனால் எளியவரின் தூண்டிலில் இன்று எளிதாக அகப்படுவது அதுதான். மக்கள் அதற்கு ஜிலேபிக் கெண்டை என்று பெயர் சூட்டித் தமிழ்க் குடியாக்கிவிட்டனர். வில்லிங்டன் வெலிங்டன் ஆனதுபோல், திலாப்பியா ஜிலேபி ஆயிற்று. ஒன்று பெயர், மற்றொன்று குழம்பு.

கரைமேல் ஒரு நாள்

பாசனத்துக்கென்று கட்டப்பெற்ற ஏரி, நீர் நிறைந்த ஆண்டில் மக்களுக்குத் திருவிழாத் திடலுமாகிறது. காணும் பொங்கலன்று நீர்நிலைக்குச் சென்று உறவினரோடு உண்டு களிப்பது தமிழர் வழக்கம். வைகைப் புதுப்புனலைப் பாடிய பரிபாடற் காலம் முதல் ஆடிப்பெருக்கு வரை தொடர்ந்து வரும் மரபு அது. வயலும் சூளையும் கடையுமாக உழைத்தவர்க்கு, கண்ணுக்கெட்டிய மட்டும் நீராய் விரிந்த ஓர் இடத்தில் காற்று வாங்குவதே பெரும்பேறு. கடற்கரை காண அவர்கள் கடலூருக்கோ பரங்கிப்பேட்டைக்கோ செல்ல வேண்டும். கட்டணம் கேளாத சிறுகடல் அருகிலேயே இருக்கிறது.

கேளிக்கையின் நிழலில் ஆபத்தும் உண்டு. தண்டூன்றிய புலவர் குதித்த மடுவின் ஆழம் அவருக்குத் தெரியும்; அது அவர் ஊர். இன்று வெளியூரிலிருந்து வரும் இளைஞருக்கு மதகின் இழுப்பும் கரையோரச் சேறும் தெரியா. நீந்தத் தெரியாத தலைமுறை வளர்ந்திருக்கும்போது, எச்சரிக்கைப் பலகை ஒன்று மட்டும் உயிரைக் காவாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பதும் ஏரிப் பராமரிப்பின் ஒரு பகுதி எனக் கொள்ள வேண்டும்.

நீர்நிலைகளை அழகுபடுத்திப் படகு விட்டுச் சுற்றுலா இடமாக்க வேண்டும் என்னும் விருப்பம் எங்கும் வளர்ந்து வருகிறது. விரும்பத்தக்கதே. ஆயினும் பூங்காவுக்கு வேலி வேண்டும். வேலிக்கு வாயில் வேண்டும். வாயிலுக்குச் சீட்டு வேண்டும். மூங்கிற்கோலும் மண்புழு வைத்த கொட்டாங்கச்சியும் கொண்டு வருபவன் அவ்வாயிலில் எவ்வாறு நுழைவான்? வற்றிய நீரில் முந்தானையை விரித்து அயிரை அள்ளும் பெண்டிர் அப்பூங்காவின் படத்தில் எங்கு நிற்பர்? பாண்மகளின் வட்டிக்கு இன்றைய வாரிசுகள் அவர்கள். பொழுதுபோக்கு என்பது பணம் கொடுத்துப் பெறுவது மட்டுமே என்றாகிவிட்டால், இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் ஒன்று எவரும் ஆணையிடாமலே மறைந்துபோகும். கரையைச் செப்பனிடத் திட்டமிடுவோர், ஊரார் இறங்கும் துறைகளையும் தூண்டிலிடும் இடங்களையும் திட்டத்திலேயே குறித்துவைத்தல் வேண்டும். குத்தகை ஆவணத்தில் தூண்டிலுக்கு விலக்களிக்கும் ஒரு வரி சேர்ந்தாலே போதும்; எழுதப்பெறாத உரிமை எழுத்தில் ஏறிவிடும்.

நம் வட்டத்தின் கடமை

அவ்வரியை எழுத வேண்டியது அரசு. ஆனால் எழுதத் தக்கது ஒன்று உண்டு என்பதைக் காட்ட வேண்டியவர் யார்? பத்தாண்டுகளாகக் கவிதை படித்தும் எழுதியும் வரும் நம் வட்டத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்று கருதுகிறேன். கீழ்ச்செருவாய், திட்டக்குடி, தொழுதூர்ப் பக்கத்து முதியோரிடம் மீன்களின் பெயர்களையும், வலை, கூடு, தூண்டில் வகைகளின் பெயர்களையும், ஏரி நிரம்பிய ஆண்டுகளின் நினைவுகளையும் கேட்டு எழுதிவைக்கும் பணியை நம் உறுப்பினர் மேற்கொள்ளலாம். மீன் அருகும்போது அதன் பெயரும் வழக்கிழக்கிறது. பெயர் வழக்கிழந்தபின் சங்கப்பாட்டுக்கு உரைகாரர் மட்டுமே துணை. வகுப்பறையில் ஆரல் என்றதும் அது எம்மீன் என்று கேட்கும் மாணவர்க்கு அகராதியைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. பத்து ஆண்டுகளில் நம்மால் ஒரு கரையைக் கட்ட இயலாது. ஒரு சொற்பட்டியலைத் தொகுக்க இயலும்.

மீனெறி தூண்டிலார்க்கும் தொடித்தலை விழுத்தண்டினார்க்கும் தம் பெயர் நிலைக்க வேண்டும் என்னும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. நீர்க்கரையில் கண்டதைக் கண்டவாறு சொன்னார்கள், சொன்னதே பெயராயிற்று. அடுத்த பத்தாண்டு நிறைவு மலரில் நம் கவிஞர் ஒருவரின் பாட்டு, ஜிலேபிக் கெண்டை சுண்டி இழுக்கும் தூண்டிற்கோலைப் பாடி வெளிவருமாயின், அதை எழுதியவர் பெயரைப் பிற்காலத்தார் மறந்தாலும் குறையில்லை.